இருட்டைப் பார்க்க ஒரு டூர்!



செமஸ்டர் லீவு நெருங்கினாலே வாட்ஸ்அப் குரூப்ல முதல் கேள்வி, "எங்கேடா போறோம்?" ஒருத்தன் கோவாம்பான். ஒருத்தி மூணாறும்பா. அப்புறம் ஆளாளுக்கு பர்ஸைத் திறந்து பார்த்துட்டு, கடைசியில எல்லாரும் ஏற்காடு பஸ்ல ஏறுவீங்க. தப்பே இல்லை. ஆனா வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கின கையோட போகவேண்டிய இடம்னு ஒரு லிஸ்ட் வெச்சிருப்பீங்கள்ல? அந்த லிஸ்ட்ல இந்த வாரம் ஒரு ஊரைச் சேர்த்துக்கோங்க.

அங்கே அருவி கிடையாது. ஷாப்பிங் கிடையாது. மரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். ராத்திரி ஆச்சுன்னா ஜன்னல் ஸ்கிரீனை இழுத்து மூடிட்டு, வெளிச்சம் ஒரு துளி வெளியே வராம பார்த்துக்குவாங்க. அப்படி என்னதான் இருக்குங்கறீங்களா? இருட்டு இருக்கு பாஸ். சுத்தமான, கலப்படமில்லாத இருட்டு!

ஊர் பேரு ஹன்லே. லடாக்கோட தென்கிழக்கு மூலை. நம்ம நாட்டோட 'இந்திய வானியல் ஆய்வகம்' அங்கேதான் ஒரு குன்று மேல உட்கார்ந்திருக்கு.

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட்

இன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் மொட்டைமாடிக்குப் போய் நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்க. சென்னை, கோவை மாதிரி ஊர்னா சில டஜனோட எண்ணிக்கை முடிஞ்சிடும். நல்ல இருட்டான இடத்துல நின்னா, வெறும் கண்ணுக்கே ஒரே நேரத்துல ரெண்டாயிரத்துக்கும் மேல தெரியும். மிச்சம் எங்கே போச்சு? எங்கேயும் போகலை. நம்ம தெருவிளக்கு, ஹோர்டிங், துணிக்கடை சீரியல் பல்பு எல்லாம் மேல அடிக்கிற வெளிச்சம், தூசியிலயும் காத்துலயும் பட்டுச் சிதறி, வானத்துக்கு வெள்ளையடிச்சு வெச்சிருக்கு.

2016ல விஞ்ஞானிகள் உலகம் முழுக்க ஒளி மாசுக்கு வரைபடம் போட்டாங்க. மனித குலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல, பால்வெளி மண்டலத்தைப் பார்க்கவே முடியாத இடத்துல வாழறாங்கன்னு அதுல தெரிஞ்சது. நம்ம தாத்தா பாட்டி கயித்துக்கட்டில்ல படுத்துக்கிட்டு ஃப்ரீயா பார்த்த காட்சி, நமக்குக் கம்ப்யூட்டர் வால்பேப்பர்ல மட்டும்தான் கிடைக்குது. கொஞ்சம் கொடுமையா இல்லை?

ஒட்டகம் இல்லாத பாலைவனம்

ஹன்லே ஒரு பாலைவனம். ஆனா மணலும் வெயிலும் இருக்கிற பாலைவனம் இல்லை, குளிர்ப் பாலைவனம். (ரெட்டைத் திமில் ஒட்டகம் பார்க்கணும்னா, அதே லடாக்ல நூப்ரா பள்ளத்தாக்குக்கு வண்டியைத் திருப்புங்க!) தெற்கிலிருந்து கிளம்பிப் போற பருவமழை மேகங்களை இமயமலை மறிச்சு நிறுத்திடுது. மலையைத் தாண்டி லடாக்குக்குப் போய்ச் சேர்றது வறண்ட காத்து மட்டும்தான். சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. ஹன்லேவுக்கு மழை, பனி எல்லாம் சேர்த்தே 10 சென்டிமீட்டரைத் தொடாது. விவசாயிக்கு அது சோகம். வானத்தைப் பார்க்கிறவங்களுக்கோ ஜாக்பாட்!

இதுல நம்ம ஊர்க் கதையும் ஒண்ணு இருக்கு. ஹன்லே ஆய்வகத்தை நடத்துறது பெங்களூருல இருக்கிற இந்திய வான் இயற்பியல் மையம். சுருக்கமா ஐ.ஐ.ஏ. அதோட வேரைத் தோண்டிட்டே போனா, 1786ல எழும்பூர்ல ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சொந்தமா ஆரம்பிச்ச வானாய்வகத்துல போய் நிக்கும். 1792ல அது நுங்கம்பாக்கத்துக்கு வந்துச்சு. 1899ல கொடைக்கானலுக்கு மலை ஏறிச்சு. அப்புறம் ஜவ்வாது மலையில காவலூர். 1986ல அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தப்ப, நாட்டுக்கே பெருமை.

ஆனா காவலூருக்கு ஒரு தலைவலி. தென்மேற்குப் பருவமழையும் வரும், வடகிழக்குப் பருவமழையும் வரும். கோடிக்கணக்குல செலவு பண்ணி தொலைநோக்கி வெச்சுட்டு, மேகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தா எப்படி? அதனால 1990கள்ல, மழை மேகம் எட்டாத இடமா தேடிக் கிளம்பினாங்க. கிடைச்சதுதான் ஹன்லே. வருஷத்துல சுமார் 260 ராத்திரி அங்கே ஆராய்ச்சிக்கு உதவும். அதுல சுமார் 190 ராத்திரி, ஒளியளவைத் துல்லியமா அளக்கிற அளவுக்குத் துடைச்சு வெச்ச மாதிரி வானம்.

எப்படிப் போறது?

விமானத்துல லே போய் இறங்கினா, அங்கேயே 3,500 மீட்டர் உயரம். இறங்கின உடனே பைக்கை வாடகைக்கு எடுத்து 'ரோஜா' ஹீரோ மாதிரி கிளம்பிடாதீங்க. குறைஞ்சது ரெண்டு நாள் ரெஸ்ட். தண்ணி நிறைய குடிங்க. தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தா, "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது மச்சி"ன்னு வீரம் காட்டாம டாக்டர்கிட்ட போங்க. உயர நோய் ஜிம் பாடியைப் பார்த்து பயப்படாது.

லேயிலிருந்து சிந்து நதியை ஒட்டியே ரோடு போகும். உப்ஷி, சுமதாங் (இங்கே வெந்நீர் ஊற்று இருக்கு), மாஹே, நியோமா, லோமா தாண்டி ஹன்லே. 250 கிலோமீட்டருக்கு மேல, முழுசா ஒரு பகல் பயணம். வழியில கியாங்னு சொல்ற காட்டுக்கழுதைகள் உங்க வண்டியோட ரேஸ் விடும். பஷ்மினா ஆடுகளை மேய்க்கிற சாங்பா மக்களைப் பார்க்கலாம். லக் இருந்தா கருங்கழுத்து நாரையும் தெரியும். சீன எல்லைக்குப் பக்கத்துல இருக்கிற ஏரியாங்கறதால அனுமதி விதிகள் அப்பப்போ மாறும். கிளம்புறதுக்கு முன்னாடி லே நிர்வாகத்தோட அறிவிப்பைப் பார்த்துடுங்க. ஒரிஜினல் ஐ.டி. கார்டு மறக்காதீங்க.

ஆய்வகம் இருக்கிற குன்று 4,500 மீட்டர் உயரம். அங்கே நீங்க இழுக்கிற ஒரு மூச்சுல, சென்னையில கிடைக்கிற ஆக்ஸிஜன்ல 60 சதவிகிதம்கூடத் தேறாது. ஷூ லேஸ் கட்டினாலே மேல்மூச்சு வாங்கும். குளிர்காலத்துல மைனஸ் 25 டிகிரிக்கும் கீழே போகும். இந்த லட்சணத்துல ராத்திரி முழுக்க முழிச்சிருந்து வேலை பார்க்கிறதுன்னா?

அதுக்குத்தான் ஒரு ஐடியா பண்ணாங்க. 'ஹிமாலயன் சந்திரா டெலஸ்கோப்', 2.01 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி, 2000 செப்டம்பர்ல முதல்முறையா வானத்தைப் பார்த்துச்சு. அதை இயக்குற விஞ்ஞானிகள் உட்கார்ந்திருக்கிறது பெங்களூருக்குப் பக்கத்துல ஹொசகோட்டேல! செயற்கைக்கோள் வழியா இங்கேயிருந்து கட்டளை போகும். அங்கே தொலைநோக்கி திரும்பும், படம் எடுக்கும், டேட்டா வந்துடும். வொர்க் ஃப்ரம் ஹோம்ங்கிற வார்த்தை நம்ம காதுல விழறதுக்கு ரொம்ப முன்னாடியே வேலையை ரிமோட்ல பார்த்தவங்க இவங்க. ஆனா மலை மேல மெஷினைப் பராமரிக்கிற என்ஜினீயர்களும் டெக்னீஷியன்களும் அந்தக் குளிர்லதான் இருக்காங்க. அதுல உள்ளூர் லடாக் ஆட்களும் உண்டு. அவங்களுக்கு ஒரு சல்யூட்.

உயரமும் வறட்சியும் எதுக்கு?

நட்சத்திரம் மின்னுறதை வெச்சு எத்தனை காதல் பாட்டு வந்திருக்கும்! ஆனா அந்த மின்னல் நட்சத்திரத்துல இல்லை, நம்ம காத்துல இருக்கு. சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் கலந்து அலையறப்ப, அது வழியா வர்ற ஒளி அப்படி இப்படி வளையும். கொதிக்கிற தார் ரோட்டுக்கு மேல எதிர்ல வர்ற பஸ் நெளியுதே, அதே கதைதான். உயரத்துக்குப் போகப் போக தலைக்கு மேல இருக்கிற காத்தோட அளவு குறையும், படம் தெளிவாகும். அகச்சிவப்பு ஒளியை நீராவி விழுங்கிடும்ங்கறதால காத்து வறண்டும் இருக்கணும். ஹன்லேவுல ரெண்டுமே இருக்கு.

இன்னொரு ப்ளஸ், அது இருக்கிற இடம். பூமி சுத்துது இல்லையா? ஒரு நட்சத்திரம் வெடிச்சா அதைத் தொடர்ந்து கவனிக்க, உலகத்தைச் சுத்தி வெவ்வேறு இடத்துல தொலைநோக்கிகள் வேணும். கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கும் அட்லாண்டிக்ல இருக்கிற கேனரி தீவுகளுக்கும் நடுவுல பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில ஹன்லே உதவிக்கு வரும். ஆஸ்திரேலியாவுல விடிஞ்சதும் நம்ம ஷிஃப்ட் ஆரம்பம்.

அந்த 'சந்திரா' யாரு?

பிரசிடென்ஸி காலேஜ் ஸ்டூடன்ட்! ஆமாங்க, மெரினாவுக்கு எதிர்ல இருக்கிற அதே மாநிலக் கல்லூரி. சுப்ரமணியன் சந்திரசேகர். 1930ல மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினப்ப அவருக்கு வயசு 19. நாமளா இருந்தா கடலைப் பார்த்துட்டு, கடலையும் போட்டிருப்போம். அவர் கணக்கு போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி 'வெள்ளைக் குள்ளன்' ஆகுதே, அதோட எடைக்கு ஒரு எல்லை உண்டுன்னு அந்தக் கணக்கு சொல்லுச்சு. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினா நட்சத்திரத்தால அந்த நிலையில நிக்க முடியாது.

1935ல லண்டன்ல அவர் இதை விளக்கிப் பேசினப்ப, அந்தக் காலத்து வானியல் சூப்பர் ஸ்டார் ஆர்தர் எடிங்டன் அதே கூட்டத்துல எழுந்து அதைக் கிண்டல் பண்ணினார். 24 வயசுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? சந்திரசேகர் சண்டை போட்டு நேரத்தை வீணாக்கலை. வேற துறைகளுக்குப் போய் அங்கேயும் ஆழமா உழைச்சார். 1983ல நோபல் பரிசு வந்துச்சு. கப்பல்ல போட்ட கணக்குக்கும் பரிசுக்கும் நடுவுல 53 வருஷம். அரியர் ரிசல்ட் ரெண்டு வாரம் லேட்டானா டென்ஷன் ஆகுற நமக்கு இது ஒரு நல்ல டானிக்.

இதுல அழகான விஷயம் என்னன்னா, அந்த எல்லையை நெருங்குற சில வெள்ளைக் குள்ளன்கள் சூப்பர்நோவாவா வெடிச்சுச் சிதறும். 2014 ஜனவரியில அந்த வகை வெடிப்பு ஒண்ணு, சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரத்துல இருக்கிற எம்82 காலக்ஸியில தெரிஞ்சது. கண்டுபிடிச்சது யார் தெரியுமா? லண்டன்ல டெலஸ்கோப் பிராக்டிகல் கிளாஸ்ல இருந்த இளங்கலை மாணவர்களும் அவங்க ஆசிரியரும். மேகம் மூடப் போகுதேன்னு அவசரமா ஒரு படம் எடுத்தப்ப மாட்டுச்சு! அந்த சூப்பர்நோவாவை ஹன்லே தொலைநோக்கியும் தொடர்ந்து கவனிச்சுப் பதிவு பண்ணுச்சு. சந்திரசேகர் பேப்பர்ல எழுதின முடிவை, அவர் பேரை வெச்ச தொலைநோக்கி நேர்ல பார்க்குது.

அதே வளாகத்துல இன்னும் சில பேர் இருக்காங்க. 2018ல வந்த குரோத்-இந்தியா, 70 சென்டிமீட்டர் ரோபோ தொலைநோக்கி. வானத்துல திடீர்னு ஏதாவது வெடிச்சா தானாவே திரும்பிப் பார்க்கும். 2024 அக்டோபர் 4 அன்னிக்குத் திறந்த 'மேஸ்', 21 மீட்டர் அகலம், 356 கண்ணாடிப் பலகைகள். காமா கதிர் காத்து மண்டலத்துல மோதினதும், ஒரு நொடியில நூறு கோடியில சில பங்கு நேரம் மட்டும் ஒரு நீல ஒளி வெட்டும். அதைப் பிடிக்கிறதுதான் அதோட வேலை. அவ்வளவு மெல்லிய ஒளியைப் பிடிக்கணும்னா சுத்தி எவ்வளவு இருட்டு வேணும்னு யோசிச்சுக்கோங்க.

ராத்திரி ஷோ

ஒரு விஷயத்தை இப்பவே சொல்லிடறேன். ராத்திரி அந்தப் பெரிய தொலைநோக்கி வழியா எட்டிப் பார்க்கலாம்னு கனவு காணாதீங்க. அது ஆராய்ச்சிக்கானது. அதுல கண்ணை வெச்சுப் பார்க்கிறது யாரும் இல்லை, கேமராதான். ஆய்வகத்தைப் பகல்ல சுத்திப் பார்த்துக்கலாம், நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க.

நமக்கான ராத்திரி ஷோ கீழே கிராமத்துல. 2022 டிசம்பர்ல ஹன்லேவைச் சுத்தி 1,073 சதுர கிலோமீட்டரை, இந்தியாவோட முதல் 'இருள்வானக் காப்பகமா' லடாக் நிர்வாகம் அறிவிச்சது. புலிக்குச் சரணாலயம் மாதிரி, இருட்டுக்குச் சரணாலயம். உள்ளூர் கிராமங்கள்லேர்ந்து 24 பேருக்கு ஐ.ஐ.ஏ. பயிற்சி கொடுத்து 'வானியல் தூதுவர்'களா ஆக்கிச்சு. அவங்க கையில தொலைநோக்கியும் கொடுத்துச்சு. பெண்களும் நிறைய பேர். வீட்டுல ஹோம்ஸ்டே நடத்துற அக்காவே ராத்திரி வெளியே வந்து, சனிக் கிரகத்தோட வளையத்தை உங்களுக்குக் காட்டுவாங்க.

வெளியே வந்த உடனே எல்லாம் தெரிஞ்சிடாது. இருட்டுக்குப் பழக கண்ணுக்கு 20, 30 நிமிஷம் ஆகும். பொறுமையா நில்லுங்க. கொஞ்சம் கொஞ்சமா தலைக்கு மேல வானத்தோட இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்குப் பால்வெளி விரியும். ஆண்ட்ரோமெடா காலக்ஸி ஒரு மங்கலான பஞ்சுத் துணுக்கா வெறும் கண்ணுக்கே தெரியும். அந்த ஒளி அங்கேயிருந்து கிளம்பினது சுமார் 25 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி. அப்போ பூமியில நம்ம இனமே கிடையாது!

பிரச்னை நாமதான்!

ஹன்லே ஃபேமஸ் ஆயிட்டே வருது. அங்கேயிருந்து 19,000 அடிக்கு மேல இருக்கிற உம்லிங் லா கணவாய்க்கு ரோடு போட்டாச்சு. பைக் கூட்டம் வருது. இருட்டைப் பார்க்க வர்றவங்க கூடவே ஹெட்லைட்டையும் கொண்டு வர்றாங்க. ஒரு கார் ஹைபீம் போட்டு வளைவுல திரும்பினா, முற்றத்துல அரை மணி நேரமா கண்ணைப் பழக்கிட்டு நிக்கிற எல்லாருக்கும் ஷோ காலி. மேல ஆய்வகத்துக்கும் தொந்தரவு. ஹோட்டல், ஃப்ளட்லைட், டிஜே நைட்னு ஆரம்பிச்சா, பத்து வருஷத்துல இன்னொரு மலைவாசஸ்தலம் கிடைக்கும். இருட்டு போனா போனதுதான். இன்னொரு ஹன்லேவைத் தேட நாட்டுல எத்தனை இடம் மிச்சம்?

"அதுக்காக அந்த ஜனங்க இருட்டுலயே கிடக்கணுமா?"ன்னு நீங்க கேட்டா, கேள்வி நியாயம்தான். மைனஸ் டிகிரி குளிர்ல ராத்திரி வெளியே போறவங்களுக்கு விளக்கு வேணாமா? வேணும். காப்பகம்னா விளக்கே கூடாதுன்னு அர்த்தம் இல்லை. விளக்குக்கு மேல மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பணும். கண்ணைக் கூசுற வெள்ளைக்குப் பதிலா மஞ்சள் கலந்த ஒளி. ஜன்னலுக்குக் கனமான ஸ்கிரீன். இதெல்லாம் அந்த ஊர்க்காரங்க செஞ்சுட்டு வர்றாங்க. அந்த இருட்டை நம்பித்தான் அவங்க ஹோம்ஸ்டேயும், தூதுவர் வேலையும், கூடுதலா கிடைக்கிற வருமானமும். ஒரு ராத்திரி தங்கிட்டுப் போற நாம அதைக் கெடுக்கலாமா?

அதனால போனா இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பொழுது சாயறதுக்குள்ள ஊர் போய்ச் சேர்ந்துடுங்க. ராத்திரி வண்டி எடுக்காதீங்க. டார்ச்சுக்குச் சிவப்பு கண்ணாடித்தாள் ஒட்டிக்கோங்க. இருட்டுக்குப் பழகின கண்ணைச் சிவப்பு ஒளி அதிகம் பாதிக்காது. செல்போன் ஃப்ளாஷ் கூடவே கூடாது. செல்ஃபியைப் பகல்ல வெச்சுக்கலாம்!

இப்போ கையில காசு இல்லையா?

கவலையை விடுங்க. ஐ.ஐ.ஏ. மாணவர்களுக்குப் பயிற்சித் திட்டங்கள் நடத்துது, அதோட வெப்சைட்டை அப்பப்போ எட்டிப் பாருங்க. ஃபிசிக்ஸ் படிக்கிறவங்களுக்கு மட்டும்னு நினைச்சு ஒதுங்காதீங்க. குன்று மேல தொலைநோக்கியைத் திருப்ப மெக்கானிக்கல் வேணும், கேமராவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் வேணும், மலையா குவியிற டேட்டாவைப் பிரிக்க கம்ப்யூட்டர் ஆட்கள் வேணும்.

ஆரம்பத்துக்கு நம்ம காவலூரே இருக்கு. பார்வையாளர் நேரம் விசாரிச்சுட்டு ஒரு குரூப்பா கிளம்புங்க. அதுவும் முடியலைன்னா, கிளாஸ்ல யாரோட சொந்த ஊர் ரொம்பக் குக்கிராமமோ, அந்த ஃப்ரெண்டை காக்கா பிடிங்க. அவங்க வீட்டு மொட்டைமாடியில ஒரு பாய் போதும்.

தேதி மட்டும் முக்கியம். நிலா இருந்தா பாதி நட்சத்திரம் அவுட். புது பைக் எடுக்க அமாவாசை பார்க்கிற ஊர்தானே நம்மது? நட்சத்திரம் பார்க்கவும் அமாவாசைதான் நல்ல நாள்! தினசரி காலண்டரைப் புரட்டி அடுத்த அமாவாசை எப்போன்னு குறிச்சு வைங்க. பாயோட, ஒரு பாக்கெட் வறுகடலையும் சேர்த்து எடுத்துக்கோங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம். அதுவரைக்கும் மாடி லைட்டை ஆஃப் பண்ணி வைங்க ஃப்ரெண்ட்ஸ்!